டேவ்ஸ் என்று எழுதுங்கள்: கனடாத் தமிழ்ச் செய்தியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கும், மொழிபெயர்ப்பாளர்களுக்கும், வானொலியில் செய்தி வாசிப்போருக்கும்,

வணக்கம். முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். 2010 ஓகஸ்டில், ஈழத்தமிழ் அகதிகளை ஏற்றிய சன் சீ கப்பல் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்கு வந்த கிழமை, நான் ஒரு சிறிய தமிழ்ப் பத்திரிகைக்குப் பகுதிநேரமாக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். இரவிரவாக வேலை. அப்போதைய பொதுப் பாதுகாப்பு அமைச்சரின் பெயரை (ஆங்கிலத்தில் Vic Toews) ஒரே இதழில் மூன்று விதமாக அச்சேற்றினேன். முதல் பக்கத்தில் 'விக் டோயூஸ்', உள்ளே 'விக் ரோவ்ஸ்', தலையங்கத்தில் 'விக் டூஸ்'. மூன்றும் பிழை. ஒருவரும் கேட்கவில்லை. கப்பலில் 492 பேர் இருக்கிறார்கள், அதில் 49 பேர் பிள்ளைகள், எங்கே கொண்டுபோய் வைக்கப்போகிறார்கள் என்று எல்லோரும் தவித்த நேரம் அது. அமைச்சரின் பெயரில் எழுத்துப் பார்க்க யாருக்கு மனம் வரும்?

பிறகு வின்னிபெக்குக்குக் குடிபெயர்ந்தேன். பக்கத்து வீட்டில் தனியாக இருந்த ஒரு முதிய அம்மாவுக்கும் அதே குடும்பப் பெயர். ஒருநாள் அவருடைய தபால் தவறி என் பெட்டியில் விழுந்துவிட்டது. கொண்டுபோய்க் கொடுத்து, பெயரை எழுத்துக்கூட்டி 'டோயூஸ்' என்றேன். சிரித்தார். "டேவ்ஸ்" என்றார். கடல் அலைக்கு ஆங்கிலத்தில் சொல்வோமே வேவ்ஸ், அதே ஓசை. என்னை உள்ளே கூப்பிட்டு, மாவில் முட்டையும் பாலாடையும் சேர்த்துப் பிசைந்து, நீளத் துண்டாக வெட்டி, நடுவில் ஒரு கீறல் போட்டு எண்ணெயில் பொரித்த ஒரு பலகாரம் தந்தார். ரோல்கூக்கன். அதனுடன் வெட்டிய வத்தகப்பழம். சூடாக ஒரு கடி, குளிர்ச்சியாக ஒரு கடி. கோடையில் மனிடோபாவில் மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் வீடுகளில் அதுவே மத்தியானச் சாப்பாடாகவும் இருக்குமாம். எங்கள் ஊர்ச் சிப்பிப் பலகாரத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

இந்த மடலை எழுத வைத்தது அந்த மேசைதான். அப்புறம், நீங்கள் இன்னும் விடாமல் அச்சடிக்கும் 'டோயூஸ்'.

ஓசைக்கு ஒரு காரணம் இருக்கிறது. இது மத்தேயு என்ற பெயரின் குறுக்கம். மத்தேயஸ் தேய்ந்து தேவெஸ், தேவ்ஸ் என்று ஆகி, நெதர்லாந்து, வடஜேர்மனிப் பக்கம் குடும்பப் பெயராக நின்றது. ஜேர்மன் எழுத்தில் ஓ-வுக்கு மேல் இரண்டு புள்ளி வைப்பார்கள். ஆங்கிலத் தட்டச்சில் அந்தப் புள்ளி கிடையாது என்பதால் பக்கத்தில் ஓர் ஈ-யைப் போட்டார்கள். ஜேர்மனில் டபிள்யூ-வின் ஓசை வ். மெனோனைட்டுகள் வீட்டில் பேசும் பிளவுட்டீச் என்ற கீழ்ஜேர்மன் மொழியிலோ அந்தப் புள்ளி வைத்த ஓ, ஏ போலவே ஒலிக்கும். ஆகவே டேவ்ஸ். இதே கணக்கில்தான் லேவன் (Loewen) என்ற பெயரை நாம் 'லோவென்' ஆக்குகிறோம். சிம்ப்சன்ஸ் கேலிச்சித்திரத் தொடரை உருவாக்கிய மாட் கிரேனிங்கை (Groening) 'குரோனிங்' ஆக்குவதும் இப்படித்தான். அவருடைய தகப்பனார் சஸ்காச்சுவானில் ஒரு மெனோனைட் குடும்பத்தில் பிறந்தவர். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் மூன்று பெயரும் திருந்திவிடும்.

சரி, யார் இந்த மெனோனைட்டுகள்? உங்களில் சிலர் குதிரை வண்டிப் படத்தைப் போட்டு, ஆமிஷ்காரர்களோடு சேர்த்துக் குழப்பி எழுதுகிறீர்கள். 1525-இல் சூரிச்சில் சிலர், விவரம் தெரிந்த வயதில் தாமாகப் பெறுவதுதான் ஞானஸ்நானம் என்று சொல்லிப் பிரிந்தார்கள். ஆயுதம் எடுக்கமாட்டோம், சத்தியப்பிரமாணம் செய்யமாட்டோம் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். அதற்காக ஆற்றில் அமிழ்த்தியும் எரித்தும் கொல்லப்பட்டார்கள். பிரீஸ்லாந்தில் கத்தோலிக்கக் குருவாக இருந்த மெனோ சைமன்ஸ் 1536-இல் சபையை விட்டு இவர்கள் பக்கம் வந்தார். அவர் பெயர்தான் இவர்களுக்கு நின்றது. நெதர்லாந்திலிருந்து தப்பியவர்கள் விஸ்துலா ஆற்று முகத்துவாரத்தில், டான்சிக் நகரை ஒட்டிய சதுப்பு நிலங்களை வடித்து விவசாயம் செய்தார்கள். 1789-இலிருந்து, கேத்தரின் அரசி கூப்பிட்ட அழைப்பில், இன்றைய உக்ரைனின் நீப்பர் ஆற்றங்கரைக்குப் போனார்கள். 1874-இல் ரஷ்யா கட்டாய இராணுவ சேவையைக் கொண்டுவந்ததும் மறுபடி மூட்டை கட்டினார்கள். அந்த ஆண்டு ஓகஸ்ட் 1-ஆம் திகதி மனிடோபாவின் ரெட் ஆற்றங்கரையில் முதல் கப்பல்காரர் இறங்கினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு நிலம் பார்க்க வந்த தூதுக்குழுவிலேயே கொர்னீலியஸ் டேவ்ஸ் என்று ஒருவர் இருந்தார்.

ஒரே சில கிராமங்களுக்குள் சுற்றிச் சுற்றிக் கல்யாணம் முடித்ததால் பெயருக்குப் பஞ்சம். டேவ்ஸ், ரைமர், பென்னர், பிரீசன், வீப, டிக் என்று ஒரு கைப்பிடிக் குடும்பப் பெயர்கள், அவற்றுக்கு முன்னால் ஒட்ட யாக்கோபு, பேதுரு, தாவீது. ஆளை அடையாளம் காட்டப் பட்டப்பெயர் வைத்தார்கள். சில சபைகளில் தாயின் பிறந்தவீட்டுப் பெயரின் முதலெழுத்தை நடுவில் போட்டுக்கொண்டார்கள். தகப்பன் பெயரின் முதலெழுத்தைத் தலையில் வைத்துக்கொண்டு திரியும் நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

இந்தப் பெயரில் நான் அதிகம் வாசித்தது டேவிட் டேவ்ஸைப் பற்றி. சஸ்காச்சுவானில் ராஸ்தெர்ன் என்ற சிற்றூரில் பள்ளிக்கூட ஆசிரியராகவும் சபை மூப்பராகவும் இருந்தவர். 1919-இல் கனடா அரசு ஓர் ஆணை போட்டு மெனோனைட்டுகளும், ஹட்டரைட்டுகள், டுகபோர்கள் என்ற வேறு இரண்டு சமயக் குழுவினரும் நாட்டுக்குள் வரக்கூடாது என்று தடுத்தது. அவர்களுடைய பழக்கவழக்கமும் வாழ்க்கைமுறையும் இந்த நாட்டுக்கு ஒத்துவராதாம். அந்த நேரம் உக்ரைனில் உள்நாட்டுப் போர், கொள்ளை, பிறகு பஞ்சம். 1922-இல் மக்கென்சி கிங் ஆட்சி அந்தத் தடையை நீக்கியதும் டேவிட் டேவ்ஸ் கனேடிய பசிபிக் ரயில் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார். கையில் காசில்லாத அகதிகளை நீங்கள் கடனுக்கு ஏற்றி வாருங்கள், எங்கள் மக்கள் திருப்பித் தருவார்கள் என்பதுதான் அதன் சாரம். 1923 ஜூலையில் முதல் ரயில் ராஸ்தெர்ன் வந்து நின்றது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 20,000 பேர் வந்து சேர்ந்தார்கள். பிறகு உலகப் பொருளாதாரமே படுத்தது, சமவெளியில் மழை பொய்த்தது, கோதுமைக்கு விலையில்லை. கடனோ வட்டியோடு ஏறிக்கொண்டே போனது. அந்த மனிதர் ஊர் ஊராக, சபை சபையாகப் போய் ஐந்தும் பத்துமாகச் சேர்த்தார். தாங்கள் ஏற்கனவே கட்டிமுடித்துவிட்டோம், பிறர் கடனை ஏன் கட்டவேண்டும் என்று முகம் கோணினவர்களும் உண்டு. 1946-இல் கடன் தீர்ந்தது. 1947 பெப்ரவரியில் அவர் காலமானார்.

கப்பல் காசுக்குக் கடன்பட்ட கதை நம் வாசகருக்கும் புதிதல்ல. ஆனாலும் நம் பத்திரிகை எதிலும் இவரைப் பற்றி ஒரு பந்திகூட வந்து நான் பார்த்ததில்லை.

இப்போது விக் டேவ்ஸுக்கு வருகிறேன். அவர் 1952-இல் பிறந்தது பரகுவேயின் பிலடெல்பியா என்ற ஊரில். சாக்கோ என்ற முட்புதர்க் காட்டின் நடுவே, சோவியத் ஒன்றியத்திலிருந்து தப்பிய மெனோனைட்டுகள் 1930-இல் வெட்டி உருவாக்கிய பெர்ன்ஹைம் குடியிருப்பின் நடு ஊர் அது. 1929 இலையுதிர்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் மொஸ்கோவின் புறநகரில் குவிந்து, வெளியே விடுங்கள் என்று கேட்டு நின்றார்கள். சில ஆயிரம் பேருக்கு ஜேர்மனி வரை வழி கிடைத்தது. மற்றவர்களைச் சரக்கு ரயிலில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். வெளியே வந்தவர்கள் போக விரும்பியது கனடாவுக்கு. கனடா பெரும்பாலும் கதவைச் சாத்தியது. அதனால்தான் பரகுவே.

அந்த ஊரில் பிறந்தவர் பின்னர் மனிடோபாவின் புரொவென்ஷே தொகுதியில் நின்று வென்று, பொதுப் பாதுகாப்பு அமைச்சராகி, 2010-இல் சன் சீயைப் பற்றிக் கமராக்களின் முன் பேசினார். ஆட்கடத்தல்காரர், பயங்கரவாதி என்ற சொற்கள் அவர் வாயிலிருந்து வந்தன. அதே ஒக்டோபரில், இப்படிக் கூட்டமாக வருபவர்களை ஓர் ஆண்டு வரை அடைத்துவைக்க இடம்தரும் சட்டமூலத்தை நாடாளுமன்றத்தில் வைத்தவரும் அவர்தான். நான் இரண்டையும் மொழிபெயர்த்தேன், மூன்று எழுத்துக்கூட்டலோடு. அவர் எங்கே பிறந்தார் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அந்தச் செய்தியின் முகமே மாறியிருக்கும். அந்த வரியை நான் எழுதவில்லை. நான் பார்த்தவரை வேறு தமிழ்ப் பத்திரிகையும் எழுதவில்லை.

அதற்காக மெனோனைட் என்றாலே அகதிக்கு எதிரி என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். 1979 மார்ச்சில் தனியார் அகதி அனுசரணைக்கு மத்திய அரசோடு முதன்முதலாகக் கையெழுத்திட்ட அமைப்பு மெனோனைட் மத்திய குழுதான். வியட்நாம் படகு மக்களில் பலர் அந்த வாசல் வழியாக வந்தார்கள். பின்னால் மற்றச் சபைகளும் அமைப்புகளும் பயன்படுத்தியது அதே ஒப்பந்த முறையைத்தான்.

புரொவென்ஷே தொகுதிக்குள்தான் ஸ்டைன்பாக் இருக்கிறது. நாவலாசிரியர் மிரியம் டேவ்ஸ் 1964-இல் பிறந்த ஊர். அந்த ஊரின் கெடுபிடியைப் பகிடியாகவும் வலியாகவும் எழுதி 2004-இல் கனடாவின் ஆளுநர் நாயகம் இலக்கிய விருது வாங்கினார். பொலிவியாவில் மனிடோபா என்றே பெயர் வைத்த ஒரு மெனோனைட் குடியிருப்பில் பெண்களுக்கு நடந்த கொடுமையை வைத்து அவர் எழுதிய இன்னொரு நாவலை சாரா பொல்லி படமாக்கினார். 2023-இல் தழுவல் திரைக்கதைக்கான ஒஸ்கார் அதற்குக் கிடைத்தது. நம் சினிமாப் பக்கத்தில் அவர் பெயர் 'மிரியம் டோவ்ஸ்' என்று வந்திருந்தது. (பொலிவியாவில் எப்படி ஒரு மனிடோபா? 1920களில் மனிடோபா அரசின் ஆங்கிலப் பள்ளிச் சட்டத்துக்குப் பணிய மனமில்லாதவர்கள் மெக்சிகோ போனார்கள், அங்கிருந்து பிள்ளைகள் தெற்கே போனார்கள். விட்டுவந்த இடத்தின் பெயரைக் கையோடு கொண்டுபோவது நமக்கும் பழக்கம்தானே.)

ஐஸ் ஹொக்கி உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஜொனதன் டேவ்ஸ் வின்னிபெக் பெடியன். இருபது வயதில் சிக்காகோ பிளாக்ஹோக்ஸ் அணித் தலைவர், 2010, 2013, 2015 என்று மூன்று ஸ்டான்லி கிண்ணம், இரண்டு ஒலிம்பிக் தங்கம். தாய் கியூபெக் பிரெஞ்சுக்காரி, ஆகவே அவர் பிரெஞ்சிலும் பேட்டி கொடுப்பார். உடல் சரியில்லாமல் இரண்டு பருவம் ஆடாமல் இருந்தார், இடையில் இந்தியாவுக்கு வந்து பஞ்சகர்மச் சிகிச்சை எடுத்தார். 2025-இல் சொந்த ஊர் அணியான வின்னிபெக் ஜெட்ஸுக்கு ஒப்பந்தமானார். 2022-இல் கொலராடோவுக்காகக் கிண்ணம் தூக்கிய டெவன் டேவ்ஸ் வேறு ஆள், அபொட்ஸ்போர்ட்காரர். இருவரையும் அண்ணன் தம்பி ஆக்காதீர்கள். அல்பேர்ட்டாவில் நிதியமைச்சராக இருந்த டிராவிஸ் டேவ்ஸையும் அந்த வீட்டில் சேர்க்கவேண்டாம்.

ஜொனதனை 'மெனோனைட் வீரர்' என்று ஒரு தலைப்பில் பார்த்தேன். தயவுசெய்து வேண்டாம். ஞானஸ்நானத்தை ஆளாளுக்குத் தாமே தெரிவுசெய்ய வேண்டும் என்று உயிரைக் கொடுத்தவர்களின் பெயர் அது. பெயரைப் பார்த்துச் சமயத்தை நீங்களாக எழுதினால் அந்த அடிப்படையே போய்விடும். மெனோனைட் வேர் கொண்ட குடும்பப் பெயர் என்று சொல்லுங்கள், போதும். 'ஜேர்மன் வம்சாவளி' என்றும் முடித்துவிடாதீர்கள். டச்சு இரத்தம், கீழ்ஜேர்மன் நாக்கு, ரஷ்யக் கடவுச்சீட்டு, கனேடிய நிலம் என்று நான்கும் கலந்த பெயர் அது.

படிவத்தில் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குள் என் அப்பாவின் பெயரை அழுத்தி எழுதிய நாள் எனக்கு இன்னும் ஞாபகம். அன்றிலிருந்து வங்கியில் என்னை அப்பாவின் பெயரால் கூப்பிடுகிறார்கள். மனைவிக்கு ஒரு குடும்பப் பெயர், எனக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு என் முதற்பெயர். பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு செப்டெம்பரிலும் விளக்கம். அந்தப் பெயர்களை ஆங்கிலப் பத்திரிகை பிழையாகப் போட்டால் உடனே கடிதம் எழுதுகிறவன் நான்.

கடைசியாக ஓர் எழுத்துச் சிக்கல். ஆங்கில T-க்கு 'ர' போட்டு நம்மவர் ரொறன்ரோ எழுதும் கையால் 'ரேவ்ஸ்' என்றுதான் எழுதவேண்டும், 'டே' போட்டால் டேவிட்டின் டே ஆகிவிடும் என்று ஒரு மூத்த ஆசிரியர் என்னோடு சண்டைக்கு வந்தார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 'ரேவ்ஸ்' என்று போட்டால் சென்னையிலிருந்து வாசிப்பவர் ரயிலின் ரே என்று வாசிப்பார். டேவிட் டேவ்ஸ் என்று எழுதும்போது இரண்டு 'டே'யும் ஒரே மாதிரி நிற்பது எனக்கும் உறுத்துகிறது. இருந்தும் நான் டே-யை எடுத்தேன். நீங்கள் ரே-யை எடுத்தாலும் சண்டையில்லை, முதல் பக்கத்திலும் தலையங்கத்திலும் ஒன்றாக இருக்கட்டும். 2010 இதழின் பிரதி யாரிடமாவது இருந்தால் எனக்கு அனுப்பிவையுங்கள். அந்த மூன்று இடத்தையும் சிவப்பு மையால் திருத்திவைக்க ஆசை.

இப்படிக்கு,
வின்னிபெக்கிலிருந்து ஒரு முன்னாள் மொழிபெயர்ப்பாளன்