உப்புவெளி பர்கர் கடையின் புதிய முதலாளிமாருக்கு: மீன் பெயர்களை எடுத்துவிடாதீர்கள்

அன்பான தம்பிமாருக்கு,

வணக்கம். கடை உங்கள் கைக்கு மாறியது எங்களுக்குச் சந்தோஷம்தான். ஏசி பூட்டியிருக்கிறீர்கள், கார்ட்டில் காசு கட்ட வழி செய்திருக்கிறீர்கள், பணிஸும் முன்னையைவிட மெத்தென்று இருக்கிறது. ஆனால் வருகிற சீசனில் இருந்து மீன் பலகைகளை எடுத்துவிட்டு, சாப்பாடு தயாரானதும் லைட் எரிந்து அதிர்கிற கருவியைக் கையில் தரப்போகிறீர்கள் என்று உங்கள் பெடியள் சொன்னார்கள். அது வேண்டாம் என்று கேட்கத்தான் இந்த மடல்.

வெளியூர்க்காரரும் இதை வாசிக்கக்கூடும் என்பதால் ஒரு விளக்கம். இந்தக் கடையில் ஓடர் கொடுத்தால் இலக்கம் தருவதில்லை. உள்ளங்கை அளவில் ஒரு பலகைத் துண்டு தருவார்கள். அதில் ஒரு மீன் வரைந்து கீழே பெயர் எழுதியிருக்கும். பாரை, சூரை, சீலா, விளைமீன், ஒரா, முரல், கலவாய், திருக்கை. சாப்பாடு தயாரானதும் கல்லாவில் நிற்பவர் கடற்கரையில் ஏலம் கூறுகிற குரலில் “விளைமீன்! விளைமீன் ஆர்? வாங்கோ!” என்று கூப்பிடுவார். இத்தனைக்கும் கடையில் மீன் பர்கர் கிடையாது, கோழியும் மாட்டிறைச்சியும்தான். பழைய முதலாளி திருக்கடலூரில் கடல் தொழில் செய்த குடும்பத்துப் பிள்ளை. முதல் பலகைகளை வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய பெயின்றில் தானே எழுதியவர்.

அந்தப் பலகை மேசையில் என்ன செய்கிறது என்று கல்லாவில் நின்று பார்த்தால் தெரியாது. ஒருநாள் எனக்குப் பக்கத்து மேசையில் ஒரு தகப்பனும் சின்ன மகனும். பிள்ளைக்குத் திருக்கை கிடைத்தது. “அப்பா, இது மீனா, பட்டமா?” என்று கேட்டான். தகப்பன் கடதாசியை விரித்து, சோஸ் போத்தலின் மூக்கால் அகலமாக உடம்பை வரைந்தார். பிறகு கடதாசி விளிம்பு தாண்டி மேசை வரை வாலை இழுத்து, முள் எங்கே இருக்கும், வலையில் பட்டால் எப்படிக் கவனமாகக் கழற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார். திருக்கை என்று கூப்பிட்டது இரண்டு பேருக்கும் கேட்கவில்லை. இன்னொருநாள் வீரநகர்ப் பெரியவர் ஒருவர் சீலாப் பலகையைத் தூக்கிக்கொண்டு கல்லாவுக்கே வந்துவிட்டார். “தம்பி, சீலாவுக்குக் கீழ்த்தாடை முன்னுக்குத் தள்ளி நிக்கும். இதென்ன, வாயை மூடிக்கொண்டு நிக்குது?” அடுத்த கிழமை அந்தப் பலகை திருத்தி வரையப்பட்டிருந்தது. இப்போதும் உற்றுப் பார்த்தால் பழைய தாடையின் கோடு அடியில் தெரியும்.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு தனிப் பெறுமதி இருக்கிறது. யுத்த நாட்களில் கடலில் இறங்கவே பாஸ் கேட்ட காலம் ஒன்று இருந்தது. இரவில் தொழிலுக்குப் போக விடாத வருடங்கள் இருந்தன. அதெல்லாம் ஓரளவு தளர்வதற்குள் 2004 டிசம்பர் 26 சுனாமி வந்து வள்ளத்தையும் வலையையும் ஆட்களையும் கொண்டுபோனது. அந்த வருடங்களில் வளர்ந்த பலருக்குக் கடல் வீட்டுக்குப் பின்னால் இருந்தும் எட்டாத இடமாகவே இருந்தது. அவர்களின் பிள்ளைகள் இன்று மீனைத் துண்டாகத்தான் காண்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் முரலையும் ஒராவையும் பெயர் சொல்லிக் கேட்கிற இடம் ஒரு பர்கர் கடையாக இருந்தால், அது இருக்கட்டும் என்பதே என் வேண்டுகோள்.

பர்கர் கடைகளுக்கு இப்படியான பழக்கங்கள் புதிதும் இல்லை. அமெரிக்காவில் ஃபைவ் கைஸ் கடைகள் பர்கர் வரும்வரை கொறிக்க வறுத்த கச்சானை இலவசமாகக் கொடுத்தே பெயர் எடுத்தவை. கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவனில் லூயிஸ் லஞ்ச் என்று ஒரு சின்னக் கடை, 1895இல் தொடங்கியது. பணிஸ் கிடையாது, வாட்டிய பாண் துண்டுக்கு நடுவில்தான் இறைச்சி. தக்காளி சோஸ் கேட்டாலும் தரமாட்டார்கள். நிமிர்ந்து நிற்கிற பழைய இரும்பு அடுப்பிலேயே இன்னும் சுடுகிறார்கள். கடை நின்ற இடத்தை இடிக்க வந்தபோது, கட்டடத்தையே பெயர்த்து 1975இல் வேறொரு தெருவில் கொண்டுபோய் வைத்தார்கள். அவர்கள் ஒரு முழுக் கட்டடத்தைச் சுமந்தார்கள். உங்களிடம் இருப்பது ஒரு பெட்டிப் பலகை.

உங்கள் பக்க நியாயமும் எனக்குத் தெரியும். மே தொடக்கம் செப்டம்பர் வரை நிலாவெளிக்கும் புறாத்தீவுக்கும் வருகிற சனம் இரவில் உங்கள் வாசலில்தான் நிற்கிறது. பலகைகள் முடிந்துவிடுகின்றன, ஒரே நேரத்தில் இரண்டு சூரை எழும்பி வருகிறது. சரி, அதற்குப் பலகையைக் கூட்டுங்கள். கும்பிளா, கட்டா, வாளை, சாளை, கீரி, நெத்தலி, கணவாய் எல்லாம் இன்னும் வரையப்படாமல் கிடக்கின்றன. வெள்ளைக்காரருக்குப் பெயர் விளங்காது என்றால், படம் இருக்கிறதே. பலகையைத் தூக்கிக் காட்டிக் கூப்பிட்டால் போதும், கண்டிப் பக்கத்தில் இருந்து வருகிற சிங்களக் குடும்பங்களுக்கும் அதுவே போதும். பலகையின் பின்பக்கத்தில் மூன்று மொழியிலும் பெயர் எழுதிவிட்டால் இன்னும் நல்லது. சத்தம் கூட என்று பக்கத்து விடுதி முறையிட்டிருந்தால், இரவு ஒன்பதுக்குப் பிறகு குரலைக் குறைத்து மேசைக்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம். அந்த முறைப்பாட்டை நான் குறைத்துப் பேசவில்லை, நித்திரை எல்லோருக்கும் வேண்டும்.

கூப்பிடுகிற பெடியனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கருவி வந்தால் அவனைச் சமையலறைக்குள் அனுப்பிவிடுவீர்கள். அவன் குரலுக்காகவே பிள்ளைகளைக் கூட்டிவருகிற வீடுகள் இருக்கின்றன. அவனைக் கல்லாவில் இருந்து எடுக்காதீர்கள்.

பழைய பலகைகளின் விளிம்பு சிராய் எழும்பி, பெயின்ற் உரிந்துபோய் இருப்பது உண்மை. பிள்ளைகள் கையில் பிடிக்கிறவை என்பதால் மாற்றத்தான் வேண்டும். புதுப் பலகையை அறுத்துத் தேய்த்துத் தர நான் தயார். வரையவும் பெயர் எழுதவும் வருகிறோம் என்று உங்கள் வாடிக்கையாளர் சிலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். கூலி வேண்டாம், பெயின்ற் மட்டும் நீங்கள் வாங்கித் தந்தால் போதும். சித்திரை வருடப்பிறப்புக்கு முன்னர் உங்கள் முடிவைக் கடை வாசலில் எழுதி ஒட்டிவிடுங்கள். சம்மதம் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கடை திறக்க முன்னர், எல்லோருமாக வந்து வேலையைத் தொடங்குகிறோம்.

அன்புடன்,
திருகோணமலையில் இருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்