நம் குடியிருப்போர் நலச்சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பெரம்பூரின் நம் நான்கு தெருக்களிலிருந்தும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

மழைநீர் வடிகால் தூர்வாரியது, தெருவிளக்கு, கொசுப்புகை, பொங்கல் விழா எல்லாம் வழக்கம்போல நடந்தன. வடிகாலுக்காக அலைந்த கதையை ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிவிடும். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு செயற்குழுவின் பாதி நேரத்தைத் தின்றது நம் செல்போன்கள்தான்.

ஆகஸ்டில், உறுப்பினர் ஒருவரின் மகளுடைய முகத்தை ஓர் ஆபாசப் படத்தோடு ஒட்டி, அந்தப் பெண்ணின் பெயரிலேயே போலிக் கணக்கு தொடங்கிவிட்டார்கள். படமும் கணக்கின் லிங்க்கும் நம் வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்தன. அட்மின் நான். பதறிப்போய் உடனே அழித்தேன். நல்லது செய்ததாகத்தான் நினைத்தேன். மறுநாள் புகார் எழுத உட்கார்ந்தபோது முதல் கேள்வியே, எந்த லிங்க் என்பதுதான். என்னிடம் இல்லை. நல்லவேளை, எதிர்வீட்டு மாமா அதைத் தொட்டுப் பார்த்திருந்ததால் அவர் போனில் தங்கியிருந்தது. எதற்குப் பார்த்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.

ஒரு காவல் நிலையத்தில், "கணக்கை பிளாக் பண்ணிட்டு விடுங்க சார், பொண்ணு பேரு வெளிய வரும்" என்றார்கள். அந்தப் பெண் விடவில்லை. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் தானே பதிவு செய்தார். (1930 என்ற சைபர் உதவி எண் முக்கியமாகப் பணம் பறிகொடுத்தவர்களுக்கானது, நானும் முதலில் அதைத்தான் சுற்றினேன்.) அந்தச் சமூக ஊடக நிறுவனமோ மூன்று முறை, "எங்கள் விதிகளை மீறவில்லை" என்று இயந்திரப் பதில் அனுப்பியது. அப்புறம்தான் தகவல் தொழில்நுட்ப விதிகள் 2021-ஐப் படித்தோம். இப்படி ஒட்டுப்போட்ட நிர்வாணப் படத்தையும் ஆள்மாறாட்டத்தையும் பாதிக்கப்பட்டவர் புகார் செய்த 24 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அப்போதைய விதி சொன்னது. மற்ற புகார்களுக்கு அப்போது பொதுவாக 15 நாள். விதியைச் சுட்டிக்காட்டி அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதியதும் மறுநாளே கணக்கு போய்விட்டது. படம் வேறு இடங்களில் முளைக்காமலிருக்க 'ஸ்டாப் என்சிஐஐ' தளத்திலும் பதிந்தோம். அங்கே படத்தை அனுப்ப வேண்டியதில்லை. அதன் டிஜிட்டல் கைரேகை, அதாவது படத்தை அடையாளம் காட்டும் குறியீடு மட்டும் போகும். போலீஸ் விசாரணை இன்னும் முடியவில்லை.

நவம்பரில் நடந்ததற்கு எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஒரு குழந்தையைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தும் வீடியோவை, "இவனைப் பிடிக்கும் வரை பகிருங்கள்" என்று நம்மவர்களே ஐந்தாறு பேர் ஃபார்வர்டு செய்தார்கள். எண்ணம் நல்லதாக இருக்கலாம். ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படி அதைப் பரப்புவதே குற்றம், முதல் முறைக்கே ஐந்தாண்டு வரை சிறை. இதைப் பதிவிறக்கிப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று 2024 ஜனவரியில் நம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. ஆதாரம் வேண்டுமென்று இதை மட்டும் சேமித்து வைக்காதீர்கள். வந்த எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு புகார் செய்யுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் இதற்குப் பெயர் கொடுக்காமலும் புகார் செய்யலாம்.

தலைவரைக் கேலி செய்த மீமுக்கும் வழக்குப் போடச் சொன்னார்கள் சிலர். மனதைப் புண்படுத்தும் பதிவுக்கெல்லாம் கைது செய்ய வழிவிட்ட, அதே சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச்சிலேயே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தாயிற்று. தலைவரும் சிரித்துவிட்டார், சரி, விட்டுவிட்டோம். சாதியைச் சொல்லி ஒருவரை இழிவுபடுத்திய குரல் பதிவு அப்படியல்ல. அதை அழிக்காமல் பாதிக்கப்பட்டவரிடம் ஒப்படைத்தோம். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு. கொடுத்தால் சங்கம் கூடவே போகும்.

இனிப் புகார் கொடுக்கப் போகிறவர்களோடு துணைக்குச் செல்ல இருவர் வேண்டும், ஒருவராவது பெண்ணாக இருப்பது அவசியம். போக்குவரத்துச் செலவுக்குச் சங்க நிதியிலிருந்து அனுமதி கேட்கிறேன். அட்மின் வேலையையும் இன்னொருவரோடு பகிர்ந்துகொள்ள ஆசை. குழுவில் யாரோ போட்டதற்கு, வெறும் அட்மினாக மட்டும் இருந்தவரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொல்லியிருக்கிறது; பயப்பட வேண்டாம். யாரும் கை தூக்காவிட்டால் எதிர்வீட்டு மாமாவை முன்மொழிகிறேன். அவர் எந்த லிங்க்கையும் தவறவிடுவதில்லை.

இப்படிக்கு,
செயலாளர்