தைலம் காய்ச்சுகிறவன் மகளுக்கு எழுதுவது

அன்பு மகள் கலைச்செல்விக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். காந்தளூர்ப் பக்கம் மழை கொட்டுகிறது. மறையூரில் வழக்கம்போல் சாரலோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டபோது "பார்க்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். தைலம் எடுக்க ஆள் வந்து நின்றது ஒரு காரணம். பேச்சைத் தொடர்ந்தால் நீ வக்கீல் மாதிரி என்னை மடக்கிவிடுவாய் என்பது இன்னொன்று. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

குட்டியின் கைகாலில் தேங்காய் எண்ணெயோடு கலந்து தடவ, நாம் எலுமிச்சைப் புல்லில் காய்ச்சும் புல்தைலம் இரண்டு பாட்டில் கேட்டாய். கொச்சிக் கொசுவின் தொல்லை எனக்கும் தெரியும். உன் வீட்டில் தங்கிய நான்கு நாளும் நான் தூங்கியதைவிட அடித்ததுதான் அதிகம். கெமிக்கல் வேண்டாம், நம் மலையில் விளைந்ததே போதும் என்றாய். முப்பத்தைந்து வருடமாக அந்தத் தைலத்தை விற்றுத்தான் உன்னைப் படிக்க வைத்தேன். அந்த உரிமையில் சொல்கிறேன்: ஒன்பது மாதக் குழந்தைக்கு அதைத் தடவாதே.

"சின்ன வயதில் கொட்டகையிலேயே தூங்குவேனே, ஒரு கொசு கடித்ததில்லையே" என்றாய். வாஸ்தவம். ஆனால் அந்தக் கொட்டகையை நினைத்துப் பார். அடுப்பில் சக்கைப் புல் எரிந்து புகை சூழ்ந்திருக்கும். கொப்பரை மூடியின் இடுக்கில் ஆவி கசியும். பக்கத்தில் வெட்டிப் போட்ட புல் ஆள் உயரம் குவிந்திருக்கும். விடிய விடிய வாசனை வந்துகொண்டே இருந்தது. கொசு நம் மூச்சில் வரும் கரியமில வாயுவையும் வியர்வை வாடையையும் பிடித்துக்கொண்டு வருகிறது. தைல ஆவி அந்த மோப்பத்தைக் கெடுக்கிறது. ஆவி தீர்ந்தால் மோப்பம் திரும்பிவிடும். குழந்தையின் காலுக்குப் பின்னால் கொப்பரையா கொதிக்கிறது? தைலம் லேசான சரக்கு, பறந்துவிடும். மூடி சரியில்லாத டின்னால் நாம் பட்ட நஷ்டத்தை அம்மாவிடம் கேள்.

இதை நான் சோதித்தும் பார்த்தேன். நீ கல்லூரியில் இருந்த வருடம், ஒரு மாலை பாம்பாற்றங்கரையில் கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். இடது கையில் தைலம் கலந்த தேங்காய் எண்ணெய், வலது கையில் வெறும் தேங்காய் எண்ணெய். வலது கையில் உடனே ஆரம்பித்துவிட்டது. இடது கையில் முதல் கடி விழ இருபத்தைந்து நிமிடம் ஆனது. முக்கால் மணி நேரத்தில் இரண்டு கைக்கும் வித்தியாசமே இல்லை. வழியில் போனவர்கள் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டதாக உன் அம்மாவிடம் வந்து சொன்னார்கள்.

தைலம் சோதித்து வாங்க வரும் தம்பி வேதியியல் படித்தவர். இந்தக் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, ஒரு கட்டுரையை அச்செடுத்து வந்து கொடுத்தார். 2002-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. கூண்டுக்குள் பசித்த கொசுக்களை விட்டு, பதினைந்து பேரைக் கைநீட்டச் சொல்லி, முதல் கடிவரை நேரம் குறித்திருக்கிறார்கள். டீட் என்ற கொசு விரட்டி மருந்து சுமார் 24 சதவீதம் இருந்த சரக்கு சராசரியாக ஐந்து மணி நேரம் தாங்கியது. சிட்ரோனெல்லா தைலம் சேர்த்தவை இருபது நிமிடத்தைத் தாண்டவில்லை. அதுவும் ஒரு புல்தான், நம் புல்லுக்குப் பங்காளி. அதில் மணம் தருவது சிட்ரோனெல்லால், நம்முடையதில் சிட்ரால். பறக்கிற விஷயத்தில் இரண்டும் ஒரே ஜாதி.

குட்டியின் மணிக்கட்டில் நீ மாட்டியிருக்கும் கொசு விரட்டிப் பட்டையைப் போட்டோவில் பார்த்தேன். அதே சோதனையில் பட்டைகளும் இருந்தன. அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை. டீட் ஊறவைத்த பட்டைக்கும் அதே கதிதான். மணிக்கட்டில் கட்டினால் மணிக்கட்டோடு சரி. அதைக் கழற்றிவிடு, வாயில் வைத்துக் கடித்துவிடப் போகிறாள்.

அமெரிக்காவிலேயே இந்தத் தைலங்களை அனுமதித்திருப்பதாக நீ சொன்னது பாதி சரி. சிட்ரோனெல்லா, கிராம்பு, நம் புல்தைலம் போன்ற சிலவற்றை 1996-இல் பூச்சிமருந்துப் பதிவிலிருந்து விலக்கிவிட்டார்கள். கெடுதல் குறைவு என்று கருதியதால். விற்பனைக்கு வருமுன் கொசு ஓடுகிறதா என்று அந்த அரசு அவற்றைச் சோதிப்பதில்லை. பரீட்சை எழுதாமலே மேல் வகுப்புக்குப் போன பையன் மாதிரி.

சரி, கொசு போகாவிட்டால் போகட்டும், கெடுதல் என்ன என்று கேட்பாய். நூறு கிலோ பச்சைப் புல் காய்ச்சினால் அரைக் கிலோ தைலம் தேறுவதே அபூர்வம். ஓடக்காலி ஆராய்ச்சி நிலையத்தின் சுகந்தி ரகம் நட்ட பிறகும் அப்படித்தான். ஒரு சொட்டுக்குள் எத்தனை புல் இருக்கிறது என்று நீயே கணக்குப் போடு. அதில் முக்கால் பங்குக்கு மேல் சிட்ரால். அதை வைத்துத்தான் எனக்கு விலை. அதே சிட்ரால்தான் தோலுக்கு ஒவ்வாமை தரும் வாசனைப் பொருள்களின் ஐரோப்பியப் பட்டியலிலும் இருக்கிறது.

என் கழுத்தில் உள்ள கறுப்புத் திட்டு உனக்குத் தெரியும். வெயிலால் வந்தது என்று சொல்லி வைத்திருந்தேன். இருபத்தாறு வயதில், கலக்காத தைலத்தைக் கழுத்திலும் கையிலும் பூசிக்கொண்டு காட்டுக்குப் போவேன், பெரிய வீரனாக. இரண்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது மாதம் தோல் சிவந்து, கொப்புளம் கட்டி, நீர் வடிந்தது. உடம்பு ஒரு தடவை வெறுத்துவிட்டால் அந்த வெறுப்பு பெரும்பாலும் போவதில்லை. இன்றைக்கும் எலுமிச்சை வாசனை சோப்பு பட்டால் அரிக்கிறது. கையுறையில்லாமல் நான் ஏன் கேனைத் தொடுவதில்லை என்று இப்போது புரிகிறதா? வளர்ந்தவனுக்கே இப்படி. குழந்தையின் தோல் மெல்லியது. அவள் விரல் சூப்புகிறவள் வேறு.

சம்பந்தி அம்மா தொட்டிலில் கட்டியிருக்கும் கற்பூர மூட்டையைப் பற்றியும் எழுத வேண்டும். அவர்கள் மனம் நோகாமல் நீதான் அவிழ்க்க வேண்டும். கற்பூரம் குழந்தையின் வயிற்றுக்குள் கொஞ்சம் போனாலே வலிப்பு வரும். மூக்கு வழியாகவும் தோல் வழியாகவும்கூட உடம்பில் ஏறும். யூக்கலிப்டஸ் தைலமும் குடித்துவிட்டால் அப்படித்தான். வெளிநாட்டில் எலுமிச்சை யூக்கலிப்டஸ் என்று சிபாரிசு செய்கிறார்களே, அது வேறு மரம். அந்தத் தைலத்தையும் அப்படியே பூசச் சொல்லவில்லை. பக்குவப்படுத்தி, பிஎம்டி என்ற பொருளைக் கூட்டித் தருவது அது. அதற்கு ஓரளவு தாங்கும் சக்தி உண்டு. ஆனால் மூன்று வயதுக்குக் கீழே வேண்டாம் என்று அவர்களே சொல்கிறார்கள்.

உன் அம்மா வேப்பெண்ணெய்க் கட்சி. அவளிடம் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. டெல்லி மலேரியா ஆராய்ச்சி மையத்தார் 1993-இல் வெளியிட்ட சோதனையில், தேங்காய் எண்ணெயில் 2 சதவீதம் வேப்பெண்ணெய் கலந்து பூசியபோது மலேரியாக் கொசு அநேகமாகக் கிட்டே வரவில்லை. சாக்கடைக் கொசு அவ்வளவு சுலபமாகப் பயப்படவில்லை. கொச்சியில் உன்னைக் கடிப்பது பெரும்பாலும் அதுதான். மலேசியாவில் வேப்பெண்ணெய் புகட்டிய 13 குழந்தைகளுக்கு ஈரலும் மூளையும் பாதிக்கப்பட்டதாக 1981-இல் எழுதியிருக்கிறார்கள். பூசுவது வேறு, புகட்டுவது வேறு என்கிறாள் அம்மா. பூசிய காலை வாயில் வைக்கும் வயதில் அந்த வித்தியாசம் எவ்வளவு தூரம் நிற்கும்?

அப்படியானால் என்ன செய்ய? கொசுவலை. பகலிலும். டெங்குக் கொசு பகலில் கடிப்பது. அவள் காலை பத்து மணிக்குத் தூங்கும்போதும் வலை இறங்கியிருக்க வேண்டும். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு, பூந்தொட்டித் தட்டு இரண்டையும் வாரம் ஒரு முறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவு. முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும். வெளியே தூக்கிக்கொண்டு போகும்போது அந்தக் 'கெமிக்கல்' களிம்பையே பயன்படுத்தலாமா என்று குழந்தை மருத்துவரிடம் கேள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் இரண்டு மாதம் தாண்டிய குழந்தைக்கு டீட் 30 சதவீதம் வரை போகலாம் என்கிறது. உன் உள்ளங்கையில் எடுத்து மெல்லிதாகத் தடவு. அவள் கை, வாய், கண் பக்கம் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் கழுவிவிடு. டீட் 1946-இல் பட்டாளத்துக்காக வந்த பழைய சரக்கு, எத்தனையோ கோடிப் பேர் பூசிப் பார்த்தாயிற்று. என் தொழிலுக்குப் போட்டிச் சரக்கைப் புகழ்கிறேன் பார்.

மாப்பிள்ளை வாங்கி வரும் 'மூலிகை' கொசு ஊதுபத்தியின் பெட்டியைத் திருப்பிப் பார்க்கச் சொல். பூச்சிமருந்துப் பதிவு வாங்கியதென்றால் சிஐஆர் என்று ஒரு எண் இருக்கும். அது இல்லாத பெட்டிக்குள் என்ன கலந்திருக்கிறார்கள் என்பது பத்தி உருட்டியவனுக்குத்தான் வெளிச்சம்.

புல்தைலம் ஒரு பாட்டில் அனுப்புகிறேன், இரண்டு இல்லை. தரை துடைக்கும் தண்ணீரில் சில சொட்டு விட்டுக்கொள். வீடு நம் கொட்டகை மாதிரி மணக்கும். துடைத்த தரை காய்ந்த பிறகு அவளை இறக்கிவிடு. பாட்டிலை அலமாரியின் மேல் தட்டில், பூட்டி வை. கூடவே ஒரு மண்டை வெல்லமும் அம்மா எடுத்து வைத்திருக்கிறாள்.

வியாழக்கிழமை உடுமலைக்குப் போகிறேன். வலை தைத்துத் தருகிறவரிடம் சொல்லியாயிற்று. தொட்டிலின் நீளம், அகலம், மேல் கொக்கியிலிருந்து தரைவரை உயரம் மூன்றையும் அளந்து புதன்கிழமைக்குள் சொல். அங்குலத்தில் சொல்; அவருக்கு சென்டிமீட்டர் ஆகாது.

அன்புடன்,
அப்பா