பெட்டியின் மேல் அளவைப் போடுங்கள்: பழைய புல்லட் உதிரிபாகம் செய்வோருக்கும் விற்போருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

அப்பாவின் 1974 புல்லட் எஞ்சினைப் போன வாரம் மூன்றாவது முறையாகப் பிரித்தோம். ஒவ்வொரு முறையும் காரணம் பிக் எண்டு புஷ்தான், அதாவது கனெக்டிங் ராடின் அடிமுனையில் உட்காரும் உலோக வளையம்.

அந்தப் பழைய வார்ப்பிரும்பு எஞ்சினைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிராங்க் பின்னுக்கும் கனெக்டிங் ராடுக்கும் நடுவே அந்த புஷ் எதிலும் இறுகாமல் மிதந்து சுற்ற வேண்டும். அதற்கு விடும் இடைவெளி உள்ளேயும் வெளியேயும் 'தௌ' கணக்கு; ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உங்கள் பெட்டியின் மேல் இருந்ததோ ஒரே வரி: 'புல்லட் 350, எல்லா மாடலுக்கும்'. உள்ளே துண்டுச் சீட்டுகூட இல்லை.

"சின்ன புஷ்தானே சார், மாத்திக்கலாம்" என்கிறார்கள் கடையில். அந்தச் சின்ன புஷ்ஷை மாற்ற ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றி, எஞ்சினை ஃபிரேமிலிருந்து இறக்கி, கிராங்க் கேஸைப் பிளந்து, ஃப்ளைவீல் இரண்டையும் பிரிக்க வேண்டும். திரும்பப் பூட்டிய பிறகு, கோணலை அளக்கும் டயல் கேஜின் முள் ஆடாமல் நிற்கும்வரை தட்டித் தட்டி நேராக்க வேண்டும். முதல் புஷ் இறுக்கமாக இருந்தது; தேய்த்துப் போட்டோம். நாற்பது கிலோமீட்டரில் பிடித்துக்கொண்டது, ராடும் போயிற்று. இரண்டாவது தொளதொளவென்று இருந்து, முதல் நாளே தட்ட ஆரம்பித்தது. மூன்றாவது வாங்கியபோதும் அதே பெட்டி, அதே வரி. இந்த முறை எங்கள் லேத்காரர் எதையும் தொடுவதற்கு முன் மைக்ரோமீட்டரை எடுத்து புஷ்ஷை நாலு இடத்தில் அளந்தார். உள் விட்டம், வெளி விட்டம் இரண்டையும் பெட்டியின் மூடியில் பென்சிலால் எழுதி வைத்தார். நீங்கள் அச்சடிக்க வேண்டியதை எழுபது வயதுப் பெரியவர் கண்ணாடியை ஏற்றி ஏற்றி எழுதினார்.

நான் கேட்பது அது ஒன்றைத்தான். பெட்டியின் மேல் அளவைப் போடுங்கள். எந்த எஞ்சினுக்கு, எந்த வருடத்துக்கு என்றும் போடுங்கள்.

பிஸ்டனிலும் இதே கதைதான். எத்தனை பெரிய பிஸ்டன் என்பதற்கு ஒரு பெட்டியில் '20' என்றிருக்கிறது, அது தௌ, அங்குலக் கணக்கு. அடுத்ததில் '0.50', அது மில்லிமீட்டர். இன்னொன்றில் வெறும் 'ஓவர்சைஸ்'. சிலிண்டரின் 70 மில்லிமீட்டர் துளையை ஒருமுறை கடைந்துவிட்டால் கடைந்ததுதான். போன இரும்பு திரும்பி வராது.

கையேடு என்று நீங்கள் விற்பது நகலுக்கு நகல் எடுத்தது. அதில் 3 எது, 8 எது என்று தெரியவில்லை. புள்ளி இருந்த இடத்தில் வெள்ளைதான் இருக்கிறது. ஆயில் பம்பை ஓட்டும் வார்ம் என்ற திருகுப் பல் இடது மரை, எதிர்ப்பக்கம் திருப்பித்தான் கழற்ற வேண்டும் என்பதைச் சொல்லும் வரியும் மங்கிப்போனால், தெரியாத பையன் வலுக்கட்டாயமாகத் திருப்பி உடைக்கத்தானே செய்வான்? டைமிங் கவரைத் திறந்தால் உள்ளே இருக்கும் கார்க்கைப் புதிதாகப் போட வேண்டும், இல்லையென்றால் பிக் எண்டுக்கு ஆயில் ஒழுங்காகப் போகாது. எனக்குக் கிடைத்த கேஸ்கெட் செட்டில் அந்தக் கார்க்கே இல்லை.

1955 முதல் சென்னையில் உருவான வண்டி இது. இங்கிலாந்தில் இதன் தாய் ஆலையான ரெட்டிச் ஆலை மூடி அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. இருந்தும் பாக எண்ணோடும் படத்தோடும் உதிரிபாகம் வேண்டுமென்றால் இங்கிலாந்துக் கடைக்கு எழுத வேண்டியிருக்கிறது. சென்னையின் உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் நின்றுகொண்டு அதைச் செய்யும்போது வயிறு எரிகிறது. "புஷ்ஷுக்குப் பதிலா ரோலர் பேரிங் மாத்திடுங்க, இதெல்லாம் இனி ஓடாது" என்று கடைக்காரர்களின் அறிவுரை வேறு. ஓடும் ஐயா. இதே மாதிரி புஷ்ஷில்தான் அப்பா இருபது வருடம் ஓட்டியிருக்கிறார்.

கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். உங்கள் தொழில் இல்லையென்றால் இந்த வண்டிகள் என்றோ காயலான் கடைக்குப் போயிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். தயவுசெய்து பெட்டியின் மேல் அளவைப் போடுங்கள். அங்குலமோ மில்லிமீட்டரோ, எது என்று சொல்லிப் போடுங்கள். கையேட்டை மூலப் பிரதியிலிருந்து தெளிவாக அச்சடியுங்கள். தமிழிலும் போட்டால் லேத் பட்டறைகளில் உங்களை வாழ்த்துவார்கள்.

பென்சிலில் அளவு எழுதிய அந்தப் பெட்டி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அடுத்த முறை அச்சுக்குக் கொடுக்கும்போது மாதிரிக்கு வேண்டுமென்றால் சொல்லுங்கள், என் செலவிலேயே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய புல்லட்டின் இரண்டாம் தலைமுறைச் சொந்தக்காரன்