நெல்லஞ்சோறு நோம்பிக்கு மட்டும்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த கொங்குச் சமையல் கட்டுரையைப் படித்தேன். அரிசிம்பருப்பு, ஒப்புட்டு, சந்தகை, பள்ளிபாளையம் சிக்கன் என்று நாக்கில் எச்சில் ஊற எழுதியிருக்கிறார்கள். சரி. ஆனால் அதைக் "காலங்காலமாக மக்கள் உண்டுவந்த உணவு" என்று சொன்னதுதான் மனசுக்கு ஒப்பவில்லை. அதில் பாதி நோம்பிப் பலகாரம், அதாவது பண்டிகைக்குச் செய்வது; மீதியில் ஓட்டல் சாப்பாடும் உண்டு. காங்கேயம் பக்கத்துக் கல்லாங்காட்டில் பிழைத்த என் அமுச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) அன்றாடம் சாப்பிட்டது அதில் ஒன்றுகூட இல்லை.

காலிங்கராயன் வாய்க்கால் பாயும் ஊர்களில் நெல் பழைய பயிர்தான். மேட்டாங்காட்டில் மழையை நம்பிக் கம்பும் சோளமும், கூடவே கொள்ளும் தட்டைப்பயறும். கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்து ராகி. நெல்லஞ்சோறு என்பது நோம்பிக்கும் விருந்தாளிக்கும். சாதாரண நாளில் அரிசி உலையில் கொதித்தால், "இன்னிக்கு என்ன நோம்பி கண்ணு?" என்பார் அமுச்சி.

கம்பஞ்சோறு ஆக்குவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கம்பில் தண்ணீர் தெளித்து உரலில் போட்டுக் குத்துவார். உமி கழன்றதும் முறத்தில் புடைத்துவிட்டு மறுபடியும் குத்துவார். நொய்யைத் தனியாக, மாவைத் தனியாகச் சலித்து எடுப்பார். உலை கொதிக்கும்போது முதலில் நொய், அது வெந்த பிறகு மாவு. அடிபிடிக்காமல் துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். ராத்திரி மிஞ்சிய சோற்றை உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டுவைத்தால், காலையில் மோர் விட்டுக் கரைத்துச் சின்ன வெங்காயத்தோடு குடிக்கலாம். காட்டுக்குப் போகிறவர்களுக்குத் தூக்குப்போசியில் போவதும் அதேதான். கொள்ளு மாட்டுக்கும் வேகும், மனுசருக்கும் வேகும். வெந்த தண்ணீர் ரசமாகும்.

"மிக்சி வந்ததும் பெண்கள் சிறுதானியத்தைக் கைவிட்டார்கள்" என்று கட்டுரையில் ஒரு வரி வருகிறது. இது அநியாயம். 1955-ல் பவானிசாகர் அணை கட்டி முடிந்து, கீழ்பவானி வாய்க்காலில் இரண்டு லட்சத்துக்கும் மேலான ஏக்கருக்குத் தண்ணீர் வந்தது. கம்பு விதைத்த காட்டில் நெல் நட்டார்கள். 1967-ல் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் தொடங்கிய ஊர்களில் கோவையும் ஒன்று. அப்புறம் ரேசன் அரிசி எல்லா வீட்டுக்கும் வந்தது, 2011 முதல் விலையில்லாமலே வருகிறது. விடிகாலையில் எழுந்து உலக்கை பிடித்துக் கை காய்த்துப் போனவளுக்கு, கழுவி உலையில் போட்டால் வெந்துவிடும் அரிசி கிடைத்தால் அவள் எதை எடுப்பாள்? அமுச்சி மகிழ்ச்சியாகத்தான் அரிசிக்கு மாறினார். அதைக் குற்றமாகச் சொல்ல நமக்கு உரிமை கிடையாது. இன்று கம்பு நல்லது, ராகி நல்லது என்று நாம் வாங்குவது உமி நீக்கி, மில்லில் அரைத்துப் பொட்டலம் போட்ட கம்பும் ராகியும்.

இன்னொன்றும் விட்டுப்போயிருக்கிறது. அதே காட்டில் பண்ணையத்தில் பாடுபட்டவர்களுக்குக் கூலி தானியமாக, வள்ளம் என்ற அளவையில் அளந்து கொடுக்கப்பட்டது. சாதியின் பெயரால் வாசலுக்கு வெளியே நின்று கூழ் வாங்கிக் குடித்தவர்கள் அவர்கள். அவர்கள் வீட்டு அடுப்பில் என்ன வெந்தது, கூலி இல்லாத மாதத்தில் என்ன தின்றார்கள் என்பதும் கொங்குச் சமையல்தான். சீர்வரிசைப் பலகாரங்களை மட்டும் எழுதினால் ஊரில் பாதிப் பேர் சாப்பிடவே இல்லை என்பதுபோல் ஆகிவிடும்.

எண்பது, தொண்ணூறு வயதில் இதையெல்லாம் சொல்லக்கூடிய பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். அடுத்த கட்டுரைக்கு அவர்களிடம் போங்கள். தோட்டத்து வீட்டுக்கும் போங்கள், பண்ணைய ஆட்கள் குடியிருக்கும் வளவுக்கும் போங்கள். கம்பஞ்சோறு எப்படி ஆக்குவது என்று கேட்டு எழுதிக்கொள்ளும்போது, எத்தனை மணிக்கு எழுந்து குத்தினீர்கள் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காங்கேயம்.