பின்னேரத்தில லோட் ஆகாத கார்ப் பெட்டி

திருநெல்வேலி,
யாழ்ப்பாணம்.

அன்பு மச்சான்,

உன்ர கடிதம் கிடைச்சுது. அம்மாவின்ர முழங்கால் ஒப்பரேசன் நல்லபடியா முடிஞ்சது எங்கள் எல்லாருக்கும் பெரிய நிம்மதி. கொஞ்ச நாளைக்கு அவவைப் படி ஏற விடாதை. இஞ்ச எல்லாரும் சுகம். நல்லூர்க் கொடியேறப் போகுது. இனி 25 நாளும் ஊர் ஊராய் இராது, வெளிநாட்டுக்காரர் வந்து இறங்கத் தொடங்கீட்டினம். உன்னைத்தான் காணேல்லை.

நீ கேட்ட அந்தக் கார் கேம் பெட்டியின்ர கதையை ஆறுதலா எழுதுறன். ரெலிபோனில சொன்னா பாதியில வேலை வந்து நீ வைச்சிடுவாய். நெற்வேர்க் வேலை செய்யிற உனக்கு இது கட்டாயம் பிடிக்கும்.

அக்காவின்ர மூத்தவன் கொம்பியூட்டர் திருத்திற கடை வைச்சிருக்கிறான் எண்டு சொன்னனான்தானே. கொழும்பில ஒரு விளையாட்டு மண்டபத்தை மூடேக்க, அங்க கிடந்த பெட்டி ஒண்டை லொறியில ஏத்திக்கொண்டு வந்திட்டான். இருந்து ஓட்டிற வகை. ஸ்ரேறிங், கியர், பெடல் எல்லாம் இருக்கு. உள்ள இருக்கிறது செகாவின்ர நயோமி 2 எண்ட போட், கேமை ஓட்டிற சர்க்கியூட் பலகை. கேம், இனிஷியல் டி ஆர்கேட் ஸ்ரேஜின்ர மூண்டாவது பதிப்பு. யப்பானில மலைப் பாதையில இரவில கார் ஓடிற கேம். மியோகி, உசுயி, அகாகி எண்டு அந்த நாட்டு மலை வளைவுகள்தான் ஓட்டப் பாதைகள். யாழ்ப்பாணத்துப் பெடியள் வளைவெண்டு கண்டது நுவரெலியாச் சுற்றுலாவில றம்பொடைதான். ஆனா ரெண்டு கிழமையில எந்த வளைவில எந்தக் கியர் எண்டு மனப்பாடம். நேரத்தைக் கார்ட்டில பதியிற இயந்திரம் இந்தப் பெட்டியில கழட்டுப்பட்டுப் போச்சு. அதால மருமகன் ஒரு சி.ஆர். கொப்பியைக் கயிற்றில கட்டித் தொங்க விட்டிருக்கிறான். அதில ஆரார் எத்தினை நிமிசம் எண்டு அவங்களே எழுதுறாங்கள். ஒருத்தனும் பொய் எழுதினதா நான் காணேல்லை.

பெட்டி வந்த நேரமே அதின்ர டிஸ்க் வாசிக்கிற லேசர் சாகிற நிலைமை. இந்தப் போட்டுக்கு வாறது சாதாரண சீடி இல்லை, ஜிடி-றொம். கிட்டத்தட்ட 1 ஜிபி பிடிக்கும். ஆனா கேம் நடக்கேக்க டிஸ்க்கில இருந்து வாசிக்கிறதில்லை எண்டதுதான் முக்கியம். பெட்டியைப் போட்ட உடன டிஸ்க்கில உள்ள கேமை அப்பிடியே டிம் போட் எண்ட மெமறிப் பெட்டிக்குள்ள ஏத்திப்போடும். பிறகு எல்லாம் மெமறியில இருந்துதான். அப்ப டிஸ்க்குக்குப் பதிலா வேற வழியால மெமறியை நிரப்பினாலும் கேமுக்கு வித்தியாசம் தெரியாது. அந்த டிம் போட்டில நெற்வேர்க் வாயும் இருக்கு. அதுக்குள்ள கேபிளைச் செருகி, றாஸ்பெரி பை (இனிப் ‘பை’ எண்டா இந்தச் சின்னக் கொம்பியூட்டர்தான்) ஒண்டில இருந்து கேமை அனுப்பலாம். ஒரு விசயம், ஒவ்வொரு டிஸ்க்குக்கும் அதுக்கெண்டு ஒரு பாதுகாப்புச் சிப் இருக்கு. நெற்வேர்க்கால அனுப்பிறதெண்டா அதைக் கழட்டிப்போட்டு, பூச்சியச் சாவி (எல்லா இலக்கமும் பூச்சியம்) உள்ள சிப்பைப் போடவேணும். மருமகன் இதெல்லாத்தையும் தானே தேடிப் படிச்சுச் செய்திட்டான். மூல டிஸ்க்கும் பழைய சிப்பும் பெட்டிக்குள்ளயே ஒரு உறையில ஒட்டிக் கிடக்கு. அது அங்கதான் இருக்கவேணும் எண்டு நான் கண்டிப்பாச் சொல்லிப்போட்டன். காசு குடுத்து வாங்கின கேமை உயிரோட வைச்சிருக்கிறது வேற, ஆற்றையோ கேமை அள்ளிப் போடுறது வேற.

இனிக் கோளாறுக்கு வாறன். காலமை கடை திறந்து பெட்டியைப் போட்டா கேம் ஒழுங்கா ஏறும். பின்னேரம் ரியூசன் முடிஞ்சு பெடியள் வாற நேரம் போட்டா ஏறாது. திரையில போட் காத்துக்கொண்டு நிக்கும், பையில ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ எண்டு வரும். எல்லா நாளும் இல்லை. சில பின்னேரம் ஒரு வில்லங்கமும் இல்லாமல் ஏறும். இப்பிடி விட்டு விட்டு வாற கோளாறுதான் ஆளைக் கொல்லும். மருமகன் போட் பழுது எண்டு முடிவு கட்டி, விக்கப் போறன் எண்டு நிண்டான். நான் விடேல்லை. காலமை ஏறிற போட் பின்னேரம் ஏறாதெண்டா, ரெண்டு நேரத்துக்கும் இடையில கடையில என்ன மாறுது எண்டதைத்தான் பாக்கவேணும்.

முதல்ல கரண்ட். உனக்குத் தெரியும், பின்னேரம் மோட்டர், ஸ்திரிக்கைப் பெட்டி எல்லாம் ஒண்டாப் போட எங்கட ஒழுங்கையில வோல்ற்றேஜ் விழும். பெட்டி யப்பான் மொடல், 100 வோல்ற். எங்கட 230ஐ இறக்கிற ட்ரான்ஸ்போமர் ஒண்டு வெளியில கிடக்கு. மல்ரிமீற்றரைக் கொண்டுபோய்ப் போட்டுக்கு வாற 5 வோல்ற்றையும் 3.3 வோல்ற்றையும் காலமையும் பின்னேரமும் அளந்தன். அசையேல்லை. அதை அதோட விட்டிட்டன். பிறகு கேபிள். மாத்தினம், வித்தியாசம் இல்லை.

பிறகுதான் பையில இருந்து போட்டின்ர விலாசத்துக்குப் பிங் போட்டன், அதாவது ‘இருக்கிறியோ’ எண்டு நெற்வேர்க்கால கேட்டுப் பாக்கிறது. போட்டுக்கு 192.168.1.2 எண்டு குடுத்திருந்தவன். பதில் வருது, நல்ல கெதியா வருது. மருமகன் “பாருங்கோ மாமா, லைன் சரிதானே” எண்டான். எனக்கு ஏனோ மனம் கேக்கேல்லை. பிங்கை ஓட விட்டபடி, டிம் போட்டில இருந்து கேபிளைக் கழட்டிக் கையில வைச்சன்.

மச்சான், பதில் நிக்கேல்லை. கேபிள் என்ர கையில, 192.168.1.2 பதில் சொல்லிக்கொண்டே இருக்கு.

நீ இந்த இடத்தில விளங்கிக்கொண்டிருப்பாய். எந்த விலாசம் எந்தச் சாதனத்தின்ர எண்டு காட்டிற ஏஆர்பி அட்டவணையைத் திறந்து பாத்தா, அந்த விலாசத்துக்கு நேர இருக்கிற வன்பொருள் இலக்கம் போட்டின்ரையே இல்லை. கடை றவுட்டர் 192.168.1.1. அது வாற ஆக்களுக்கு 2 இல இருந்து விலாசம் பங்கிடுது. காலமை கடையில ஒருத்தரும் இல்லை, போட் தன்ர விலாசத்தில நிம்மதியா இருக்கும். பின்னேரம் பெட்டி நிப்பாட்டிக் கிடக்கேக்க முதல்ல வாற பெடியன் வைபையில சேருவான், றவுட்டர் 2ஐத் தூக்கி அவன்ர போனுக்குக் குடுக்கும். பிறகு பெட்டியைப் போட்டா ஒரே விலாசத்தில ரெண்டு பேர். பை கேமை அனுப்பத் தட்டிறது 10703 எண்ட நெற்வேர்க் கதவை. தட்டுப்படுறது போனில. போனில அந்தக் கதவே இல்லை, உடன மறுக்கும். முதல் வந்த பெடியன்ர போனில சார்ஜ் இல்லாத நாள், அல்லது பெடியள் வர முதலே பெட்டி போட்டுக் கிடந்த நாள், எல்லாம் சரியா நடந்திருக்கு.

அந்தப் பெடியன் ஒரு மூலையில இருந்து கொப்பியில தன்ர நேரத்தை எழுதிக்கொண்டிருந்தான். போனை வாங்கி வைபையை நிப்பாட்டினம். பிங் செத்துது. கேபிளைத் திருப்பிச் செருக, போட் பதில் சொல்லிச்சுது. கேம் ஏறத் தொடங்கிச்சுது. பெடியள் போட்ட சத்தத்தில பக்கத்துச் சலூன்காரர் கத்தரிக்கோலோட வெளியில வந்திட்டார்.

றவுட்டரில விலாசப் பங்கீட்டை 100 இல இருந்து தொடங்கச் சொன்னாலே இது தீரும். மருமகன் அதோட விடப் பாத்தான். நான் சம்மதிக்கேல்லை. அந்த டிம் போட்டில கடவுச்சொல் எண்டு ஒண்டும் இல்லை. அதே நெற்வேர்க்கில இருக்கிற ஆரும் 10703 ஐத் தட்டி எதையும் ஏத்தலாம், நிப்பாட்டலாம். அது செய்த காலத்தில பெட்டிக்குள்ள இருக்கிற கேபிளில வேற ஆள் வருவார் எண்டு ஒருத்தரும் நினைக்கேல்லை. அதால போட்டையும் பையையும் கடை நெற்வேர்க்கில இருந்து முற்றாப் பிரிச்சிட்டன். பையில இருந்து போட்டுக்கு நேர ஒரு கேபிள், 192.168.50.1, 50.2. ரெஸ்ற் மெனுவுக்குள்ள போய்ப் போட்டின்ர விலாசத்தை மாத்தி, அனுப்பிற நிரலிலயும் மாத்தினது. பைக்கு வேற ஏதும் தேவையெண்டா வைபையால கடைப்பக்கம் போகும். ரெண்டும் ஒண்டையொண்டு காணாது. நீயும் இப்பிடித்தான் செய்திருப்பாய் எண்டு நினைக்கிறன். இல்லையெண்டா ஏன் எண்டு எழுது.

இதோட ஒட்டின இன்னொண்டு. கேம் ஏறி நல்லா ஓடிக்கொண்டிருக்கேக்க, ஓட்டத்துக்கு நடுவில பெட்டி தானே மறுதொடக்கம் ஆகிறதெண்டும் ஒரு முறைப்பாடு இருந்தது. அது போட்டின்ர குணம். இப்பிடி நெற்வேர்க்கால ஏத்தின கேமுக்குப் போட் ஒரு கால எல்லை வைச்சிருக்கு. பையில ஓடிற நிரல் சில செக்கனுக்கு ஒருக்கா ‘இன்னும் நேரம் குடு’ எண்டு சொல்லிக்கொண்டே இருக்கவேணும். ஏத்தி முடிஞ்சுதுதானே எண்டு ஆரோ பையின்ர வயரைப் பிடுங்கிப் போனுக்குச் சார்ஜ் போட்டிருக்கிறாங்கள். இப்ப பைக்குத் தனி அடப்ரர், பெட்டிக்குள்ள பூட்டி.

மச்சான், இதையெல்லாம் செய்யேக்க எனக்கு உங்கட அப்பாவின்ர ஒஸ்ரின் ஏ40தான் நினைவில. தொண்ணூறுகளில பெற்றோல் இல்லாமல், காபுரேற்றருக்குள்ள துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில ஓடின கார். அவர் பொனற்றைத் திறந்து வைச்சுக்கொண்டு, நெருப்பு வருதோ, எண்ணெய் வருதோ, காத்து வருதோ எண்டு ஒண்டொண்டாப் பாப்பார். அவசரப்பட்டு ஒரு சாமானையும் கழட்ட மாட்டார். சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்ட ஊரில, டிஸ்க் வாசிக்கேல்லை எண்டு முழுப் பெட்டியை எறியிறதை என்னால பொறுக்கேலாது. அதைத்தான் மருமகனுக்கும் சொன்னனான். கவனமாக் கேட்டான். இப்ப போட்டின்ர விலாசம், பையின்ர விலாசம், எந்தச் சிப் எங்க எல்லாத்தையும் எழுதிப் பெட்டிக் கதவின்ர உள்பக்கத்தில ஒட்டியிருக்கிறான். எனக்கு அது பெரிய சந்தோசம். எனக்குப் பிறகு ஆர் திறந்தாலும் விளங்கும்.

இப்ப மிஞ்சிக் கிடக்கிறது ஒண்டுதான், அதுக்குத்தான் உன்ர உதவி வேணும். இடைக்கிடை கேம் முழுக்க ஏறி முடிஞ்சு, போட் மெமறியைச் சரிபாக்கிற கட்டத்தில பிழை எண்டு நிண்டிடுது. இது நெற்வேர்க் இல்லை. கச்சான் காத்துக்கு உப்பு வந்து மெமறிக் குச்சி ரெண்டின்ரையும் பல்லில பச்சை பிடிச்சுக் கிடந்தது. அழிறப்பரால மெல்லத் தேச்சு, ஐசோபுறப்பைல் போட்டுத் துடைக்க ஒண்டு தேறிச்சுது. மற்றது தேறேல்லை. அவை ரெண்டையும் இடம் மாத்திப் போட்டுப் பாக்க, பிழை அந்தக் குச்சியோடயே போகுது. அதால அதுதான் எண்டது உறுதி. இஞ்ச பழைய சாமான் கடையில கிடைக்கிறதெல்லாம் அதுக்குப் பிந்தின டிடிஆர்.

உன்ர வேலையிடத்தில பழைய டெஸ்க்ரொப் கழிச்சு எறியிற இடம் இருக்கெண்டு முந்தி சொன்னனீ. கேட்டுப் பார். 168 பின் எஸ்டிறாம், பிசி133, 256 எம்பி, ரெண்டும் ஒரே மாதிரி இருக்கவேணும். கிடைச்சா நாலு எடு, ரெண்டு இருப்பில கிடக்கட்டும். தபாலில போடாதை, மார்கழியில வரேக்க கையில கொண்டு வா. ஆன்ரிஸ்ரற்றிக் பையில சுத்தி உடுப்புக்கு நடுவில வைச்சாக் காணும். பிள்ளையளுக்கு வேறை ஒண்டும் வாங்கிக் காசைச் செலவழிக்காதை.

அம்மாவுக்கு என்ர அன்பைச் சொல்லு.

உன்ர,
பழைய கூட்டாளி