தூரத்தை வேகத்தால் வகுத்தால் பயண நேரம் வராது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பயணப் பக்கத்து அட்டவணையில் லண்டன் – நியூயார்க் தூரம் 5,540 கி.மீ., நேரம் 6 மணி 10 நிமிடம் என்று வந்திருந்தது. தூரம் சரி. ஹீத்ரோவுக்கும் கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே பூமியின் வளைவையொட்டி அளந்தால் அவ்வளவுதான். நேரம்தான் தவறு. மணிக்கு 900 கி.மீ. என்று வைத்து வகுத்திருக்கிறார்கள் போலும். இதை நம்பி அடுத்த விமானத்துக்குத் தனி டிக்கெட் எடுப்பவர் அதைத் தவறவிடுவார்.

விமான நிறுவனங்கள் லண்டனிலிருந்து போக சுமார் 8 மணி நேரமும், திரும்பி வர சுமார் 7 மணி நேரமும் போடுகின்றன. வித்தியாசத்துக்குக் காரணம், வட அட்லாண்டிக்குக்கு மேலே மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் ஸ்ட்ரீம் என்ற பலத்த காற்று. வழிநெடுக மணிக்கு 150 கி.மீ. காற்று என்று வைத்துக்கொள்வோம். கிழக்கே வரும்போது தரைவேகம், அதாவது தரையை வைத்துப் பார்த்தால் விமானத்தின் வேகம், 900உடன் 150 சேர்ந்து 1,050. 5 மணி 17 நிமிடம் போதும். மேற்கே போகும்போது 750தான். 7 மணி 23 நிமிடம் ஆகும். இரண்டையும் கூட்டிப் பாருங்கள், 12 மணி 40 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 12 மணி 20 நிமிடத்துக்குள் போய்த் திரும்பிவிடலாம். போகும்போது விட்டதை வரும்போது பிடித்துவிடலாம் என்பது இங்கே எடுபடாது. எதிர்க்காற்றில்தான் விமானம் அதிக நேரம் இருக்கிறது. அதனால் மேற்கே போகும் விமானங்கள் பலமான காற்றைத் தவிர்த்துச் சுற்றிப் போவதும் உண்டு. தூரம் கூடினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம். 2020 பிப்ரவரியில் பலத்த பின்காற்றில் ஒரு போயிங் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்துசேர்ந்தது. அதை வழக்கமான நேரமாகப் போட முடியுமா?

அட்டவணை நேரம் என்பது வானில் பறக்கும் நேரம் மட்டுமல்ல. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து, போய்ச்சேர்ந்த இடத்தில் நிற்கும்வரை கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, மெதுவாக ஏறி இறங்குவது எல்லாம் அதில் அடக்கம்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். நியூயார்க்கில் இரவு 7, லண்டனில் காலை 7 என்றால் பயணம் 12 மணி நேரமல்ல. 5 மணி நேர வித்தியாசத்தைக் கழித்து 7. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறிலும், பிரிட்டன் கடைசி ஞாயிறிலும் கடிகாரத்தை முன்னே தள்ளுகின்றன. இடைப்பட்ட நாட்களில் வித்தியாசம் 4 மணி நேரம்தான். அக்டோபர் கடைசி ஞாயிறிலிருந்து ஒரு வாரமும் அப்படியே.

வான்வெளி மூடப்பட்டால் பழைய கணக்கே செல்லாது. 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும், 9 மணி நேரம் சொச்சமாக இருந்த ஹெல்சிங்கி – டோக்கியோ பயணம் சுமார் 13 மணி நேரமாக நீண்டது. நகரங்கள் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன.

ஆகவே அடுத்த முறை போக ஒரு நேரம், வர ஒரு நேரம் என்று தனித்தனியாக வெளியிடுங்கள். தூரத்தை மைலில் கொடுப்பதானால் எந்த மைல் என்றும் எழுதுங்கள்: 5,540 கி.மீ. சாதாரண மைலில் சுமார் 3,440. விமானிகள் புழங்கும் கடல் மைலில் சுமார் 2,990.

இப்படிக்கு,
ஒரு வாசகர்